பட்டாளத்து வாத்தியார்கள்

7 நவம்பர் 2025, வெள்ளி

அலுவலகம் முடிந்ததும் எர்மெகைல் தெரு வழியாக வீட்டுக்கு வந்தேன். பையனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை சமூகவியல் வகுப்பில் பேச வேண்டியிருக்கிறது. ஜெர்மன் ராணுவமான புண்டெஸ்வேர் தொடங்கி வருகிற 12-ஆம் தேதியோடு 70 ஆண்டுகள் நிறைகின்றன, அதுதான் தலைப்பு. அது தொடங்கிய இடம் எங்கள் பான் நகரின் தென்பகுதியில், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. “அம்மா, நீங்க அந்தப் பக்கமாத்தானே வர்றீங்க, ரெண்டு படம் எடுத்துட்டு வாங்க” என்று காலையிலேயே சொல்லியிருந்தான்.

நவம்பரில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. தெருவிளக்கு வெளிச்சத்தில்தான் படம் எடுத்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரஷ்ய காலாட்படைக்காகக் கட்டிய நீண்ட கட்டடம். சுற்றிலும் பூவேலைச் சுதை பூசிய பழைய மாடி வீடுகள், சைக்கிள்கள், குழந்தைகள். 1955 நவம்பர் 12 அன்று இந்த வளாகத்தின் வண்டிக் கொட்டகையில்தான் பாதுகாப்பு அமைச்சர் தியோடோர் பிளாங்க் முதல் 101 பேருக்கு நியமனப் பத்திரம் கொடுத்தார். அவர்களில் பலருக்குச் சீருடைகூடத் தைத்து முடியவில்லை. கோட்டும் டையுமாக வந்து நின்றார்கள். 2013-இல் ராணுவம் இங்கிருந்து வெளியேறியது. அதன்பிறகு அகதிகளுக்கு இடம் கிடைத்தது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து தோட்டமும் போட்டார்கள்.

பையன் தேதிகளையும் அமைச்சர்கள் பெயர்களையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறான். நான் அவனுக்கு ஒரு மனிதரைக் காட்ட நினைக்கிறேன். இதே கட்டடத்தில் 1951 முதல் வேலை பார்த்தவர், வோல்ஃப் கிராஃப் ஃபொன் பவுடிசின். சிப்பாயாகத் தொடங்கி, தளபதியாக ஓய்வு பெற்று, பிறகு பல்கலைக்கழக ஆசிரியரானவர். அவரைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்கு அப்பாவின் ஞாபகம் வருகிறது. அப்பாவும் பட்டாளத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். எங்கள் ஊர்ப்பக்கம் இன்றைக்கும் அவரை ‘மிலிட்டரி வாத்தியார்’ என்றால்தான் தெரியும்.

8 நவம்பர், சனி

காலையில் நகர நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். பையனும் கூட வந்தான். பாதி நேரம் போனில், பாதி நேரம் புத்தகத்தில்.

பவுடிசின் 1907 மே 8 அன்று மோசல் நதிக்கரையில் உள்ள ட்ரியர் நகரில் பிறந்தார். பிரபு வம்சம். போட்ஸ்டாமில் இருந்த 9-ஆம் காலாட்படைப் பிரிவில் அதிகாரியானார். பரம்பரை அதிகாரிகள் நிறைந்த அந்தப் படைப்பிரிவிலிருந்துதான் ஹிட்லரைக் கொல்ல முயன்ற ஹென்னிங் ஃபொன் டிரெஸ்கோவும் வந்தார், இருவரும் அறிமுகமானவர்கள். போரில் பவுடிசின் தளபதி ரோமலின் வட ஆப்பிரிக்கப் படைத் தலைமையகத்தில் இருந்தார். 1941 ஏப்ரலில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். அங்கிருந்து ஆஸ்திரேலியா, முள்வேலி முகாம். ஊர் திரும்பியபோது 1947 ஆகிவிட்டது.

அந்த முகாமிலிருந்து அவரும் டாக்மர் என்ற சிற்பியும் எழுதிக்கொண்ட கடிதங்கள் 2001-இல் இங்கே பானில், பூவியே பதிப்பகத்தில் புத்தகமாக வந்தன. திரும்பி வந்ததும் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். படையே இல்லாத நாட்டில் படையதிகாரிக்கு என்ன வேலை? மண்பாண்டம் வனைந்தார்.

பையன் அந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தான். “தளபதியா ஆகப்போறவர் பானை செஞ்சாரா?” என்றான். ஆமாம், சில ஆண்டுகள்.

1950 அக்டோபரில் ஐஃபெல் மலைப்பகுதியில் ஹிம்மெரோட் மடாலயத்தில் பழைய அதிகாரிகள் 15 பேர் ரகசியமாகக் கூடினார்கள். கொரியப் போர் மூண்டிருந்தது. மேற்கு ஜெர்மனிக்கு மறுபடி படை வேண்டும் என்ற பேச்சு எழுந்திருந்தது. எத்தனை படைப்பிரிவு, எத்தனை டாங்கி என்று மற்றவர்கள் கணக்குப் போட, முன்னாள் மேஜர் பவுடிசின் படையின் உள்கட்டமைப்பு பற்றிய பகுதியில் உழைத்தார். அந்தப் படைக்குள் மனிதன் எப்படி இருக்கப் போகிறான் என்பதுதான் அவருடைய கவலை. அடுத்த ஆண்டு எர்மெகைல் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவர் விரித்துச் சொன்னதை இரண்டு வரியில் பையனுக்கு எழுதிக் கொடுத்தேன். சுதந்திர நாட்டைக் காக்க நிற்கிறவன் தானும் சுதந்திரக் குடிமகனாக இருக்க வேண்டும். எதைக் காக்கிறோம் என்பதைத் தன் அன்றாட வாழ்க்கையில் அனுபவிக்காதவன் அதற்காக ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும்? ‘சீருடை அணிந்த குடிமகன்’ என்ற சொற்றொடர் இதிலிருந்து பிறந்தது. ‘இன்னரே ஃப்யூருங்’ என்று புண்டெஸ்வேரில் இன்றுவரை சொல்லித்தருகிற தலைமைப் பண்புக் கொள்கை இதன்மேல் நிற்கிறது.

9 நவம்பர், ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்யும் நாள். அங்கே மாலை காப்பி நேரம், எங்களுக்கு மதியம்.

அப்பாவுக்கு 78 வயது. வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பது அதிசயமில்லை. கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிறார்கள். அப்பா 1966-இல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். பயிற்சி நீலகிரி வெலிங்டனில். ஹவில்தாராக 1983-இல் பென்ஷன் வாங்கிக்கொண்டு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியபோது வயது 36. சர்வீஸில் இருக்கும்போதே தபால் வழியில் பி.ஏ. வரலாறு முடித்திருந்தார். வந்ததும் பி.எட். சேர்ந்தார். வங்கிக் காவலாளி வேலைக்குப் போகச் சொன்ன உறவினர்களிடம், “துப்பாக்கி பிடிச்சது போதும், சாக்பீஸ் பிடிக்கிறேன்” என்றாராம். 1986-இல் ஒரு உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியரானார், 2005-இல் ஓய்வு.

இன்று பவுடிசின் கதையைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

“கண்ணு, நான் ஸ்கூல்ல சேர்ந்த அன்னிக்கு அங்க என்கிட்ட ஒரு பிரம்பைக் குடுத்தாங்க. ‘நீங்க மிலிட்டரி, பசங்கள ஒழுங்குக்குக் கொண்டாங்க’ன்னாங்க. நான் வாங்கிக்கல. பட்டாளத்துல நல்லா வேலை வாங்கின என் சுபேதார் சாப் யாரையும் தொட்டதில்லம்மா. ஒரு மலையைப் பிடிக்கணும்னா, முதல்ல மணல்ல அந்த மலையைச் செஞ்சு காட்டுவாரு. ஏன் இந்தப் பக்கமாப் போறோம், ஏன் அந்தப் பக்கமாப் போகலன்னு கடைசி ரெக்ரூட்டுக்கும் புரியணும். புரிஞ்சவன்தான் குண்டு பாயும்போது நின்னு யோசிப்பான்.”

அந்த மணலை நான் பார்த்திருக்கிறேன். பள்ளி மைதானத்து ஓரத்தில் செங்கல் அடுக்கி, ஆற்று மணல் கொட்டி, தண்ணீர் தெளித்து வந்தவாசிக் கோட்டையைக் கட்டுவார். சுண்ணாம்புப் பொடியில் பாதை போடுவார். சிவப்புத் துணித் துண்டு ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை, நீலம் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை. 1760 ஜனவரி 22. பையன்கள் சுற்றி உட்கார்ந்து, “லாலி ஏன் சார் இந்தப் பக்கம் வரல?” என்று கேட்பார்கள். அப்பா உடனே பதில் சொல்லமாட்டார், “நீ லாலியா இருந்தா என்ன பண்ணுவே?” என்று சிவப்புத் துணியையும் நீலத் துணியையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்.

மாலை பையனோடு ரைன் கரைக்கு நடந்தேன். பானின் யூத ஜெபாலயத்தை 1938 நவம்பர் 10 அன்று நாஜிகள் எரித்தார்கள். கென்னடி பாலத்தின் அருகே அதற்கு நினைவிடம் இருக்கிறது. அணைக்க வேண்டியவர்கள் அணைக்காமல் நின்ற நாள்கள் அவை. படைக்குள் மனிதன் எப்படி இருக்க வேண்டும் என்ற பவுடிசின் போன்றவர்களின் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை அங்கே நின்றபோது பையனுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

11 நவம்பர், செவ்வாய்

மார்ட்டின் திருநாள். ரைன்லாந்தில் இன்று 11 மணி 11 நிமிடத்துக்குக் கார்னிவல் பருவமும் தொடங்குகிறது. காலையில் டிராமில் கோமாளித் தொப்பிகளாகவே இருந்தன. பொழுது சாய்ந்ததும் குழந்தைகளின் விளக்கு ஊர்வலம். காகிதத்தில் தாங்களே செய்த விளக்குகளைக் குச்சியில் தொங்கவிட்டுக்கொண்டு பாடிக்கொண்டே போவார்கள். முன்னால் குதிரையில் ரோமானியச் சிப்பாய் வேடத்தில் மார்ட்டின், தோளில் சிவப்பு மேலங்கி. முடிவில் ஒவ்வொரு குழந்தைக்கும் ‘வெக்மன்’, மனித உருவில் சுட்ட இனிப்பு ரொட்டி. பக்கத்து வீட்டுக் குழந்தைகளோடு போய்வந்தேன். ஒரு சின்னப் பெண் தன் விளக்கு அணைந்துவிட்டது என்று குதிரையையே நிறுத்தப் பார்த்தாள். குதிரைக்காரர் குனிந்து அவளிடம் பேட்டரியைத் திருப்பிப் போடச் சொல்லிக் கொடுத்தார்.

மார்ட்டின் நான்காம் நூற்றாண்டு மனிதர். இன்றைய ஹங்கேரிப் பகுதியில் பிறந்தவர். ரோமானிய அதிகாரியின் மகன், தானும் படையில் சேர்ந்தவர். ஆமியேன் நகர வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியை வாளால் பாதியாக வெட்டிக் கொடுத்தார் என்பது கதை. பிறகு படையை விட்டார், துறவியானார், தூர் நகரின் ஆயரானார். குழந்தைகளுக்கு மேலங்கிக் கதை போதும். எனக்கு அவர் படையை விட்ட கதை அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

பான் நகரமே ஒரு ரோமானியப் படைமுகாமாக வளர்ந்த ஊர். ரைன் கரையில் முதலாம் மினர்வா லெஜியன் தங்கியிருந்தது. நகரின் காவல் புனிதர்களான காசியஸும் ஃப்ளோரென்டியஸும் ரோமானியச் சிப்பாய்கள். எகிப்திலிருந்து வந்த தெபெய் லெஜியனைச் சேர்ந்தவர்கள் என்றும், மனசாட்சிக்கு விரோதமான ஆணையை ஏற்க மறுத்ததால் கொல்லப்பட்டார்கள் என்றும் மரபு சொல்கிறது. பேராலயத்தின் பக்கத்தில் அவர்களுடைய தலைகள் பெரிய கற்சிலைகளாகத் தரையில் கிடக்கின்றன. பையன் சிறுவனாக இருந்தபோது அவற்றின்மேல் ஏறி விளையாடியிருக்கிறான். இன்று முதன்முறையாக யார் இவர்கள் என்று கேட்டான்.

சொன்னேன். “அப்ப இந்த ஊரோட ஹீரோவே ஆர்டரைக் கேக்காதவங்கதானா?” என்றான். அவன் பேச்சுக்கு நல்ல தொடக்கம் கிடைத்துவிட்டது.

12 நவம்பர், புதன்

இன்று 70 ஆண்டு நிறைவு. விழா பெர்லினில். பானில் வழக்கமான புதன்கிழமை. பாதுகாப்பு அமைச்சகத்தின் முதன்மை அலுவலகம் இன்றும் எங்கள் ஊர் ஹார்ட்ஹோஹே குன்றில்தான் என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது.

நவம்பர் 12-ஐ 1955-இல் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அன்று பிரஷ்யத் தளபதி கெர்ஹார்ட் ஃபொன் ஷார்ன்ஹோர்ஸ்ட்டின் 200-ஆவது பிறந்த நாள். அவரும் ஆசிரியர்தான். ஹானோவர் பீரங்கிப் பள்ளியில் பாடம் நடத்தினார். பிறகு பெர்லினில் இளம் அதிகாரிகளுக்கான பள்ளியை நடத்தினார். போர்க்கலைச் சிந்தனையாளர் கிளாஸ்விட்ஸ் அங்கே அவருடைய மாணவர். 1806 அக்டோபரில் யேனாவில் நெப்போலியனிடம் பிரஷ்யா நொறுங்கியது. அதன்பின் படையைத் திருத்தி அமைத்தவர்களில் ஷார்ன்ஹோர்ஸ்ட் முதன்மையானவர். சிப்பாய்களைப் பிரம்பாலும் கழியாலும் அடிக்கும் இழிவான தண்டனைகளை 1808-இல் அந்தச் சீர்திருத்தம் பெரும்பாலும் ஒழித்தது.

1806 என்று படித்ததும் எனக்கு எங்கள் ஊர்க் கோட்டை நினைவுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலை 10, வேலூர். மதராஸ் படையின் தலைமைத் தளபதி ஜான் கிராடக்கின் புதிய விதிகள்: நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். மறுத்தவர்களுக்குக் கசையடி. சிப்பாய்கள் தங்கள் வேதனையைச் சொல்லப் பார்த்தார்கள், கேட்க ஆளில்லை. கடைசியில் கிளர்ந்தெழுந்தார்கள். விடிவதற்குள் கோட்டைக்குள் வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கும் மேல் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்தபின் நம் சிப்பாய்கள் பல நூறு பேர் செத்தார்கள். பிறகு தலைப்பாகை உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். கிராடக்கையும் கவர்னர் வில்லியம் பென்டிங்கையும் லண்டனுக்குத் திருப்பி அழைத்தார்கள். கேட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்க வேண்டிய பேச்சு அது.

பானில் 1956-இல் நிறைவேறிய சிப்பாய்கள் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் பையன் சத்தமாகப் படித்தான். சாரம் இதுதான்: சிப்பாய் மேலதிகாரிக்குக் கீழ்ப்படிய வேண்டும். ஆனால் மனித கண்ணியத்தைக் குலைக்கும் ஆணைக்கோ, பணிக்குச் சம்பந்தமில்லாத ஆணைக்கோ கீழ்ப்படியாமல் இருப்பது குற்றமில்லை. ஓர் ஆணையை நிறைவேற்றினால் குற்றச்செயல் நடக்கும் என்றால் அதற்குக் கீழ்ப்படியவே கூடாது. வேலூர்க் கோட்டையில் இந்த மூன்று வாக்கியம் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 1957 ஜூன் 3. கெம்ப்டன் அருகே இல்லர் ஆறு. சேர்ந்து சில வாரங்களே ஆன இளைஞர்களை, தடை இருந்தும், ஒரு கீழ்நிலை அதிகாரி ஆற்றில் இறங்கிக் கடக்கச் சொன்னார். வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது; 15 பேர் இறந்தார்கள். மனித கண்ணியத்தைக் குலைக்கும் ஆணை என்று அதைச் சொல்ல முடியாது. அசட்டுத் துணிச்சலில் பிறந்த ஆணை. கரையில் நின்றவர்களில் ஒருவர் ‘இது தடைசெய்யப்பட்டது’ என்று சொல்லும் பழக்கம் வர, சட்டத்தோடு பல ஆண்டுப் பயிற்சியும் வேண்டும்.

புகார் விதிகளில் பையனுக்கு ஒன்று மிகவும் பிடித்துவிட்டது. தனக்கு அநீதி நடந்தது என்று நினைக்கும் சிப்பாய் உடனே புகார் கொடுக்க முடியாது. ஓர் இரவு கழிய வேண்டும். கோபம் தணிந்து, தூங்கி எழுந்து, அப்போதும் அநீதி என்று தோன்றினால் எழுதலாம். அதற்கும் மேலே, படையைக் கண்காணிக்க நாடாளுமன்றம் நியமிக்கும் ஆணையர் ஒருவர் 1959 முதல் இருக்கிறார். எந்தச் சிப்பாயும் மேலதிகாரியைக் கேட்காமலே அவருக்கு நேராக எழுதலாம்.

13 நவம்பர், வியாழன்

பவுடிசினின் பிற்கால வாழ்க்கையை இன்று முடித்தேன்.

பானில் அவருக்கு எதிர்ப்பு குறைவில்லை. படையை மென்மையாக்குகிறார், அடிதடி தெரியாத பள்ளிப்பிள்ளைகளை வளர்க்கிறார் என்று பழைய அதிகாரிகள் பலர் வெறுத்தார்கள். 1958-இல் கோட்டிங்கனில் ஒரு கவசப் படையணியின் தலைமையை ஏற்றார். பிறகு நேட்டோ பணிகள். 1963 முதல் 1965 வரை பாரிஸில் நேட்டோ பாதுகாப்புக் கல்லூரியின் தலைவர். லெப்டினன்ட் ஜெனரலாக 1967-இல் ஓய்வு பெற்றார். 1969-இல்கூட ஓர் உயர் தளபதி, ‘இன்னரே ஃப்யூருங்’ என்னும் முகமூடியைக் கழற்றி எறிய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அதிகாரிகள் முன்னால் பேசினார். விதைத்தவர் போனபின்னும் பயிரைப் பிடுங்கக் கைகள் நீண்டுகொண்டுதான் இருந்தன.

பவுடிசின் ஹாம்பர்க் போனார். 1968-இல் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கத் தொடங்கினார். அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்த ஆண்டு அது. சீருடை என்றாலே முகம் சுளித்த தலைமுறை. அவர்கள் முன்னால் 60 வயதைத் தாண்டிய முன்னாள் ஜெனரல் போய் நின்று அணு ஆயுதம், சமாதானம், படைக்குறைப்பு பற்றிப் பேசினார். 1969-இல் ‘சமாதானத்துக்கான சிப்பாய்’ என்ற பொருள்படும் தலைப்பில் அவர் நூல் வந்தது. 1971-இல் ஹாம்பர்க்கில் சமாதான ஆய்வுக்கும் பாதுகாப்புக் கொள்கைக்குமான நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அவர். 1984 வரை நடத்தினார். 1993-இல் மறைந்தார்.

சிப்பாயை ஆசிரியராக்குவது ஜெர்மனிக்குப் புதிதில்லை. 1779-இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடெரிக், எழுதப் படிக்கத் தெரிந்த ஊனமுற்ற சிப்பாய்களைக் கிராமப் பள்ளிகளில் ஆசிரியர்களாக வைக்க உத்தரவிட்டார். அவர்களுக்குப் பிழைப்பு கிடைத்தது. பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி. பள்ளிக்குள் படைமுகாமைக் கொண்டுவருவது எளிது. மணி, வரிசை, பிரம்பு எல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. படைமுகாமுக்குள் பள்ளியைக் கொண்டுபோவதுதான் கடினம். பவுடிசின் அந்தக் கடினமான வேலையைப் பானில் செய்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் ஹாம்பர்க் வகுப்பறையை நான் பார்க்கிறேன். வேலை மாறவில்லை, கேட்பவர்கள் மாறினார்கள்.

பானுக்கு இதில் ஒரு பொருத்தமும் உண்டு. அந்தச் சிப்பாய்கள் சட்டத்தை இயற்றிய நாடாளுமன்றம் கூடிய கட்டடம் 1930-களின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகக் கட்டப்பட்டது. 1949 மே 23 அன்று அரசியல் சட்டத்தை வெளியிட்டதும் அங்கேதான். மனசாட்சிக்கு விரோதமாக யாரையும் ஆயுதம் ஏந்திப் போர் செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வரி, படையே இல்லாத அந்த நாளில், வாத்தியார்களுக்காகக் கட்டிய கட்டடத்தில் எழுதி முடிந்தது.

14 நவம்பர், வெள்ளி

பேச்சு நன்றாகப் போனதாம். காசியஸின் கல் தலையில் தொடங்கி, எர்மெகைல், இல்லர் ஆறு, 11-ஆம் பிரிவு, வேலூர் என்று போயிருக்கிறான். வேலூர் வந்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்ததாம். ஆசிரியை அடுத்த வாரம் வேலூருக்கென்றே தனியாக அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்.

வகுப்பில் யாரும் இதைப் பழங்கதையாகக் கேட்கவில்லை. 2011-இல் நிறுத்தி வைத்த கட்டாய ராணுவ சேவையை எந்த வடிவில் திரும்பக் கொண்டுவருவது என்று நாடே பேசுகிறது. ஆளும் கூட்டணி இந்த வாரம் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறது: 2008-இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு 18 வயதில் வினாப் படிவம் வரும், ஆண்கள் கட்டாயம் நிரப்ப வேண்டும், சேர்வது இப்போதைக்கு அவரவர் விருப்பம். என் பையன் 2008-இல் பிறந்தவன், ஜெர்மன் குடிமகன். அவன் வகுப்பில் எல்லோருக்கும் அந்தப் படிவம் வரும். ஒரு தோழன் நிச்சயம் சேரப் போவதாகச் சொல்கிறானாம். இன்னொருவன் மனசாட்சி மறுப்பு மனுவை இப்போதே எழுதி வைத்திருக்கிறானாம். இருவரும் ஒரே பெஞ்சு.

“நீ?” என்று கேட்டேன். “தாத்தாகிட்ட கேக்கணும்” என்றான்.

16 நவம்பர், ஞாயிறு

இன்று போரில் இறந்தவர்களையும் கொடுங்கோன்மைக்குப் பலியானவர்களையும் நாடு நினைவுகூரும் ஞாயிறு. மதியம் தாத்தாவும் பேரனும் வீடியோவில்.

“தாத்தா, தப்பான ஆர்டர் போட்டா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். கேள்வி அவருக்குப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். எழுபத்தொன்றுக் கதையை எடுத்தார். வங்கதேசப் போர் முடிந்து 93,000 பேர் கைதிகளாக இந்தியா வந்தார்கள். ராஞ்சிப் பக்கம் ஒரு முகாமில் சில மாதம் அப்பாவுக்குக் காவல்.

“டியூட்டிக்கு முன்னால ஒரு அதிகாரி எங்களை உக்கார வெச்சு ஜெனீவா விதியைப் படிச்சுக் காட்டினாருப்பா. கைதியை அடிக்கக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது, வேடிக்கைப் பொருளா நிறுத்தக் கூடாது. படிக்கணும்னா படிக்க விடணும். கைதியில ஒரு வயசானவரு இருந்தாரு, அவரு தன் பசங்களுக்கு வேலிக்குள்ளயே தரையில குச்சியால எழுதிப் பாடம் சொல்லுவாரு. நான் வெளியில நின்னு பாத்துட்டிருப்பேன். கைதிக்கே இவ்வளவு உரிமைன்னா, கண்ணு, வகுப்புல உக்காந்திருக்கிற புள்ளைக்கு எவ்வளவு இருக்கணும்? அன்னிக்குத்தான் நான் வாத்தியாராகணும்னு நெனச்சேன்.”

இந்தக் கதையை நான் இதுவரை கேட்டதில்லை. பையன் விடவில்லை. “சரி தாத்தா, நான் சேரட்டுமா வேண்டாமா?”

“அதை நான் சொன்னா அதுவும் ஒரு ஆர்டர்தானே? நீ நல்லா யோசி. சேர்ந்தா, ஏன்னு கேக்கிற சிப்பாயா இரு. சேரலன்னா, ஏன் சேரலன்னு நாலு பேருக்கு முன்னால எழுந்து சொல்ற ஆளா இரு. ரெண்டுக்கும் நெஞ்சுல தைரியம் வேணும்.”

பவுடிசினும் அப்பாவும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் இல்லை. ஒருவர் பிரபு வம்சத்து ஜெனரல், இன்னொருவர் வேலூர் ஹவில்தார். ஒருவர் ஆறு ஆண்டு வேலிக்கு உள்ளே, இன்னொருவர் சில மாதம் வேலிக்கு வெளியே. இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: கீழ்ப்படிதலை யாரும் அடித்து வாங்கிவிடலாம், பொறுப்புணர்வைக் கற்றுத்தரத்தான் முடியும். பட்டாளத்திலிருந்து பள்ளிக்கு வருகிற ஒவ்வொருவரும் இந்த இரண்டில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். எதை எடுத்து வந்தார் என்பதை அவர் வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்களா என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நம் ஊரில் ‘மிலிட்டரி ஒழுக்கம்’ வேண்டும் என்று பள்ளிகளில் கேட்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று மனம் துடிக்கிறது. நல்ல பட்டாளத்தில் உள்ள ஒழுக்கம், ஏன் என்று விளக்கிச் சொல்கிற ஒழுக்கம்.

படிவம் அடுத்த ஆண்டு வரும். பையன் என்ன எழுதுவான் என்று எனக்குத் தெரியாது. அவனே யோசித்து எழுதுவான் என்று தெரியும். இப்போதைக்கு வேலூர் வகுப்புக்குக் கோட்டையின் வரைபடம் வேண்டுமாம். அகழி எத்தனை அடி ஆழம், கில்லெஸ்பி எந்த வாசலுக்கு வந்தார் என்று தாத்தாவும் பேரனும் ஒரு மணி நேரமாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துக் கட்டுமானக் கடையில் விளையாட்டு மணல் மூட்டையாகக் கிடைக்கும். நாளை மாலை இரண்டு மூட்டை வாங்கி வர வேண்டும்.